நெக்ஸ்ட் அமுக்கியது குற்றமா?

"யாருடா கம்ப்யூட்டரைத் தொட்டது?"

உங்கள் வீட்டிலும் இந்தக் கேள்வி ஒரு முறையாவது கேட்கப்பட்டிருக்கும். கூகுளைத் திறந்தால் கூகுள் வராது. பெயரே கேள்விப்படாத ஏதோ ஒரு தேடல் பக்கம் பல்லைக் காட்டும். சரி, ரயில் டிக்கெட்டாவது எடுப்போம் என்று போனால், திரையின் வலது ஓரத்தில் ஒரு பெட்டி முளைத்து உங்களுக்கு ஐபோன் பரிசு விழுந்திருப்பதாகச் சொல்லும். அதை மூடினால் எடை குறைக்கும் மாத்திரை. அதையும் மூடினால், "உங்கள் கம்ப்யூட்டரில் 5 வைரஸ் இருக்கிறது, உடனே இங்கே அமுக்குங்கள்" என்று சிவப்பு எழுத்தில் ஓர் அலறல்.

உடனே வீட்டில் விசாரணைக் கமிஷன் உட்காரும். முதல் குற்றவாளி பத்தாவது படிக்கிற பையன். அவன் இல்லையென்றால் அம்மா. சமையல் குறிப்பு தேடியது அவள்தானே? அவளும் இல்லையென்றால் ரிட்டயராகி வீட்டில் இருக்கிற தாத்தா. பஞ்சாங்கம் டவுன்லோடு பண்ணுகிறேன் என்று நேற்று எதையோ தட்டிக்கொண்டிருந்தார். தீர்ப்பு எப்போதும் ஒன்றுதான். "கண்டதையும் தட்டாதேன்னு எத்தனை தடவை சொல்றது?"

தெருமுனை சர்வீஸ் கடைக்காரரும் இதையேதான் சொல்வார். ஆனால் அதற்குக் காசு வாங்கிக்கொண்டு சொல்வார். "ஃபுல்லா ஃபார்மட் அடிச்சிடலாம் சார், வேற வழியில்லை." அடிப்பார். விளம்பரம் போகும். கூடவே பெண்ணின் கல்யாண போட்டோக்களும் போகும். தாத்தா அதற்கப்புறம் கம்ப்யூட்டர் பக்கமே வரமாட்டார்.

எனக்கு வயிற்றெரிச்சல் இங்கேதான். குற்றவாளிக் கூண்டில் தப்பான ஆளை நிறுத்தி வைத்திருக்கிறோம். அடிபட்டவனையே பிடித்து, நீ ஏன் அந்தப் பக்கம் போனாய் என்று கேட்கிற போலீஸ்காரர் மாதிரி நடந்துகொள்கிறோம். அடித்தவன் எங்கேயோ ஏசி அறையில் உட்கார்ந்து லாபக் கணக்கு பார்த்துக்கொண்டிருக்கிறான்.

அந்தக் கணக்கைக் கொஞ்சம் புரட்டிப் பார்க்கலாம், வாருங்கள். நான் பி.காம். படித்தவன். சாஃப்ட்வேர் எழுதத் தெரியாது. ஆனால் பணம் எந்தப் பையிலிருந்து எந்தப் பைக்குப் போகிறது என்று பார்க்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

*

ஆட்வேர் என்பது விளம்பரம் காட்டுவதற்கென்றே உங்கள் கம்ப்யூட்டரில் குடியேறுகிற சாஃப்ட்வேர். வைரஸ் என்பவன் திருடன். ஓட்டைப் பிரித்துக்கொண்டு இறங்குவான். ஆட்வேர் அப்படியெல்லாம் கஷ்டப்படுவதில்லை. நீங்கள் கூப்பிட்ட விருந்தாளியோடு ஒட்டிக்கொண்டு வாசல் வழியாகவே வரும். வந்து ஹாலில் படுத்துக்கொண்டபிறகு, யாரய்யா நீ என்று கேட்டால், "நீங்கதானே சார் வரச் சொன்னீங்க? கையெழுத்துகூடப் போட்டிருக்கீங்களே" என்று ஒரு காகிதத்தை நீட்டும்.

அந்தக் கையெழுத்து எப்படி வாங்கப்படுகிறது?

ஓர் இலவச வீடியோ பிளேயர் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். தேடிப் போகிறீர்கள். பக்கத்தில் 3 டவுன்லோடு பட்டன்கள் இருக்கின்றன. பச்சைப் பசேல் என்று பெரிதாக இருப்பவை இரண்டும் விளம்பரம். நிஜமான பட்டன், கீழே மூலையில் எறும்பு சைஸில் இருக்கிறது. அதைக் கண்டுபிடித்து இறக்கி ஓடவிட்டால் முதல் பக்கம், "நல்வரவு." நெக்ஸ்ட். இரண்டாம் பக்கம், ஒப்பந்தம். ஐ அக்ரீ, நெக்ஸ்ட். மூன்றாம் பக்கத்தில்தான் சூது. அதே நிறம், அதே எழுத்து, அதே இடத்தில் அதே நெக்ஸ்ட். ஆனால் இந்த நெக்ஸ்ட் வீடியோ பிளேயருக்கு இல்லை. ஒரு டூல்பாருக்கு. கூடவே உங்கள் ஹோம் பேஜை மாற்றிக்கொள்ள அனுமதி. உங்கள் தேடலைத் திருப்பிவிட அனுமதி. எல்லாக் கட்டத்திலும் உங்களுக்காக முன்கூட்டியே டிக் போட்டு வைத்திருக்கிறார்கள். என்ன ஒரு கரிசனம்!

"எக்ஸ்பிரஸ் - சிபாரிசு செய்யப்படுகிறது" என்று ஒன்று இருக்கும். "கஸ்டம்" என்று இன்னொன்று, வேலை செய்யாத பட்டன் மாதிரி சாம்பல் பூத்து இருக்கும். முதலாவதைத் தொட்டால் மொத்தமும் உள்ளே வரும். இரண்டாவதைத் தொட்டால்தான் ஒவ்வொரு டிக்காக எடுக்க முடியும். அடுத்த பக்கத்தில் "டிக்ளைன்" என்று இருக்கும். அதை அழுத்தினால் வீடியோ பிளேயரே வராதோ என்று பயமாக இருக்கும். அந்த பயம் தானாக வந்ததல்ல. அப்படி வரவேண்டும் என்று சம்பளம் வாங்கிக்கொண்டு ஒருவர் வரைந்த பக்கம் அது.

இதெல்லாம் ஏதோ பெயர் தெரியாத பேட்டை ரவுடிகளின் வேலை என்று நினைக்காதீர்கள். ஆரக்கிள் எவ்வளவு பெரிய கம்பெனி! அவர்களுடைய ஜாவா உலகம் முழுக்கக் கோடிக்கணக்கான கம்ப்யூட்டர்களில் இருந்தது. அதில் பாதுகாப்பு ஓட்டை கண்டுபிடிக்கப்படும்போதெல்லாம் அடைப்பதற்கு ஓர் அப்டேட் வரும். அந்த அப்டேட்டில், முன்கூட்டியே டிக் போட்டு, 'ஆஸ்க்' டூல்பாரைச் சேர்த்து அனுப்பிக்கொண்டிருந்தார்கள். 2013 ஜனவரியில் எட் பாட் என்கிற அமெரிக்கப் பத்திரிகையாளர் இதை நோண்டினார். ஜாவா ஏறி முடிந்தபிறகும் ஆஸ்க் உடனே ஏறுவதில்லை. 10 நிமிஷம் சத்தமில்லாமல் காத்திருந்து அப்புறம் ஏறுகிறது என்று கண்டுபிடித்தார். எதற்கு 10 நிமிஷம்? சந்தேகம் வந்து நீங்கள் உடனே போய்ப் பார்த்தால் பட்டியலில் ஒன்றும் இருக்காது. "அப்பாடா" என்று திரும்பிவிடுவீர்கள். அதன்பிறகு ஐயா எழுந்தருளுவார்.

பூட்டு ரிப்பேர் பண்ண வந்தவன், போகும்போது திண்ணையில் தன் மச்சானை உட்காரவைத்துவிட்டுப் போனதற்குச் சமம். இதில் தாத்தா செய்த குற்றம் என்ன?

*

பி.காம். முதல் வருஷத்தில் மெர்க்கன்டைல் லா என்று ஒரு பேப்பர் உண்டு. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம். கம்ப்யூட்டர் கிடையாது, கரண்ட்டே கிடையாது. ஆனாலும் அதன் 13-ம் பிரிவு ரொம்பத் தெளிவாகப் பேசுகிறது. இரண்டு பேர் ஒரே விஷயத்தை, ஒரே அர்த்தத்தில் புரிந்துகொண்டு ஒத்துக்கொண்டால்தான் அதற்குப் பெயர் சம்மதம். 14-ம் பிரிவு, அந்தச் சம்மதம் சுதந்திரமாகக் கொடுக்கப்பட்டிருக்கவேண்டும் என்கிறது. மிரட்டியோ, மோசடி செய்தோ, தப்பான தகவல் சொல்லியோ வாங்கியிருந்தால் அது சுதந்திரமான சம்மதம் இல்லை. 17-ம் பிரிவு மோசடி என்றால் என்னவென்று விளக்குகிறது. தெரிந்த உண்மையை வேண்டுமென்றே மறைப்பதும் அதில் ஒன்று.

இப்போது சொல்லுங்கள். நீங்கள் வீடியோ பிளேயரை மனதில் வைத்து அமுக்கினீர்கள். அவன் டூல்பாரை மனதில் வைத்து வாங்கிக்கொண்டான். ஒரே விஷயம், ஒரே அர்த்தம் எங்கே இருக்கிறது?

"எல்லாம் ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறது, நீங்கள்தான் படிக்கவில்லை" என்பார்கள். படிக்கிற மாதிரியா எழுதியிருக்கிறார்கள்? 2000-களின் தொடக்கத்தில் 'கேட்டர்' என்று ஒரு பிரபல ஆட்வேர் இருந்தது. பின்னால் 'கிளாரியா' என்று பெயரை மாற்றிக்கொண்டது. 2004-ல் பென் எடல்மன் என்கிற ஆராய்ச்சியாளர் அதன் ஒப்பந்தத்தை எண்ணிப் பார்த்தார். ஏறக்குறைய 6,000 வார்த்தைகள். திரையில் 60 பக்கத்துக்கு மேல் உருட்டவேண்டும். இப்போது நீங்கள் படித்துக்கொண்டிருக்கும் கட்டுரையைப்போல இரண்டு மடங்குக்கு மேல், அதுவும் வக்கீல் பாஷையில். அதற்குள்ளே எங்கேயோ, தாங்கள் சொல்லாத வழியில் இதை நீக்கக்கூடாது என்றும் ஒரு நிபந்தனை. ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டியது என்பார்களே, அதற்குப் பத்திரமே பதிந்து வைத்திருந்தார்கள்.

பிசி பிட்ஸ்டாப் என்றொரு நிறுவனம் அந்தக் காலத்தில் ஒரு வேடிக்கை செய்தது. தன் சாஃப்ட்வேரின் ஒப்பந்தத்துக்குள், "இதைப் படித்துவிட்டு இந்த முகவரிக்கு எழுதினால் பரிசு உண்டு" என்று ஒரு வரியைச் சொருகிவைத்தது. 3,000 பேருக்கு மேல் டவுன்லோடு செய்தார்கள். 4 மாதம் கழித்து ஒரே ஒருவர் எழுதினார். அவருக்கு 1,000 டாலர் கிடைத்தது.

மீதி 3,000 பேரும் முட்டாள்களா? இல்லை. அவர்களுக்குப் பிழைப்பு இருந்தது, அவ்வளவுதான். யாரும் படிக்கமாட்டார்கள் என்பது எழுதுகிறவனுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் அதற்குள் ஒளித்துவைக்கிறான். படிக்கப்படக்கூடாது என்பதற்காகவே எழுதப்படுகிற ஒன்றை ஒப்பந்தம் என்று சொல்வதே அந்த வார்த்தைக்கு அவமானம்.

*

சரி, இவ்வளவு மெனக்கெடுவது எதற்கு? ஓர் ஓட்டை டூல்பாரில் அப்படி என்ன கிடைத்துவிடும்?

கிடைக்கிறது சார். ஒரு கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுத்தால் தலைக்கு இவ்வளவு என்று ரேட் இருக்கிறது. 2016-ல் கூகுளும் நியூயார்க் பல்கலைக்கழகமும் சேர்ந்து இந்தச் சந்தையை ஆராய்ந்து வெளியிட்டார்கள். நாட்டைப் பொறுத்து 10 சென்ட்டிலிருந்து ஒன்றரை டாலர் வரை. இந்த மாதிரிச் சரக்கை ஏற்றுவதற்கு நடந்த முயற்சிகள், அவர்கள் கணக்கில் வந்தவை மட்டும், வாரத்துக்கு 6 கோடிக்கு மேல். நிஜமான வைரஸ் வகையறாக்களைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு.

ஆக, ஒரு நெக்ஸ்ட்டுக்கு நாலு பேர் பங்கு. இலவச சாஃப்ட்வேரை வைத்திருக்கிற ஆள். அதோடு மற்றதை மூட்டை கட்டுகிற தரகர். ஆட்வேர் கம்பெனி. கடைசியில், அதன் வழியாகத் தன் சரக்கை விற்கிற விளம்பரதாரர். முதல் மூன்று பேரை எல்லோரும் திட்டுகிறார்கள். நாலாவது ஆள் கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு கௌரவமாக உட்கார்ந்திருக்கிறார். பணப்பெட்டி அவரிடம்தான் இருக்கிறது.

கேட்டர் என்கிற கிளாரியாவின் கதையைப் பாருங்கள். 2003-ல் அதன் வருமானம் 9 கோடி டாலர். 4 கோடி கம்ப்யூட்டர்களில் குடியிருந்தது. 2004-ல் பங்குச் சந்தைக்கு வருகிறோம் என்று வரவு செலவுக் கணக்கோடு மனுவே போட்டார்கள். பிறகு வாபஸ் வாங்கினார்கள், 2006-ல் ஆட்வேர் கடையை மூடினார்கள் என்பது வேறு விஷயம். ஆனால் ஒரு நிமிஷம் யோசியுங்கள். யாருமே விரும்பாத, யாருமே கேட்காத ஒரு பொருள், பங்கு வெளியிடுகிற அளவுக்கு வளர்ந்திருக்கிறது.

'போன்ஸி படி' என்று ஊதா நிறத்தில் ஒரு கொரில்லா இருந்தது. திரையில் ஆடும், பாடும், ஜோக் சொல்லும். பிடிக்காத குழந்தை உண்டா? குழந்தைகளின் விவரங்களைப் பெற்றோரின் அனுமதியில்லாமல் வாங்கியதற்காக அந்த கம்பெனிக்கு அமெரிக்காவின் வணிகக் கமிஷன் 2004-ல் 75,000 டாலர் அபராதம் போட்டது. பொறி வைத்ததே குழந்தைக்குத்தான். மாட்டிக்கொண்டபிறகு அதே குழந்தையின் காதைத் திருகுகிறோம்.

அபராதங்களின் லட்சணத்தையும் பாருங்கள். 'ஸாங்கோ' என்கிற கம்பெனி 7 கோடி முறைக்கு மேல் ஏற்றப்பட்டு, 690 கோடி விளம்பரங்களை மக்கள் முகத்தில் வீசியது என்றது அதே கமிஷன். 2006-ல் 30 லட்சம் டாலரோடு சமரசம். ஒரு விளம்பரத்துக்கு எவ்வளவு ஆகிறது என்று வகுத்துப் பார்த்தால் கால்குலேட்டரே வெட்கப்படும். 2007-ல் 'டைரக்ட் ரெவின்யூ' என்ற இன்னொரு கம்பெனியோடு 15 லட்சம் டாலருக்கு முடித்துக்கொண்டார்கள். அதன் முதலாளிகள் 2 கோடி டாலருக்கு மேல் பைக்குள் போட்டுக்கொண்டிருக்கும்போது இது ஓர் அபராதமா என்று கமிஷனர்களில் ஒருவரான ஜான் லீபோவிட்ஸ் எதிர்த்து ஓட்டுப் போட்டார். 4-க்கு 1. தோற்றார்.

இருந்தாலும் அதே 2007 ஜனவரியில் ஒரு நல்ல காரியம் நடந்தது. நியூயார்க் மாநிலத்தின் அட்டர்னி ஜெனரல் அலுவலகம் நேராக நாலாவது ஆளிடம் போனது. டைரக்ட் ரெவின்யூ வழியாக விளம்பரம் கொடுத்த பிரைஸ்லைன், ட்ராவலாசிட்டி, சிங்குலர் வயர்லெஸ் ஆகிய மூன்று பெரிய நிறுவனங்களையும் உட்காரவைத்து, ஆளுக்கு 30 ஆயிரம், 35 ஆயிரம் டாலர் கட்டவைத்தது. இனி விளம்பரம் எந்த வழியாகப் போகிறது என்று பார்த்துத்தான் கொடுப்போம் என்று எழுதியும் வாங்கியது. தொகை சுண்டைக்காய்தான். ஆனால் கை வைத்த இடம் சரியான இடம். குழாயை அடைக்கவேண்டுமானால் வாளிப் பக்கம் நின்று துடைத்துக்கொண்டிருக்கக்கூடாது. வால்வு எங்கே இருக்கிறது என்று பார்க்கவேண்டும்.

*

இந்த இடத்தில் ஒருவர் கையைத் தூக்குவார். "ஓசியில் கிடைத்தால் ஃபினாயிலையும் குடிப்பீர்கள். இலவசமாகக் கொடுக்கிறவன் எதில்தான் சம்பாதிப்பான்?"

நியாயமான கேள்வி மாதிரித்தான் தெரியும். நீங்கள் கையில் வைத்திருக்கும் இந்தப் பத்திரிகையிலும் விளம்பரம் இருக்கிறது. அந்தக் காசும் சேர்ந்துதான் எனக்குச் சம்பளம். ஆனால் இந்த விளம்பரம் தன் பக்கத்திலேயே இருக்கிறது. புரட்டினால் போய்விடும். உங்கள் அலமாரியில் இருக்கும் மற்ற புத்தகங்களுக்குள் நுழைந்து, நடுப்பக்கத்தில் ஒட்டிக்கொண்டு, ராத்திரியில் நீங்கள் என்ன படிக்கிறீர்கள் என்று எட்டிப் பார்ப்பதில்லை.

தவிரவும், இலவசம் என்றாலே இப்படித்தான் என்பது பொய். விஎல்சி பிளேயரும் இலவசம்தான். அதில் டூல்பாரும் கிடையாது, மண்ணாங்கட்டியும் கிடையாது. இன்னொரு பக்கம், சோர்ஸ்ஃபோர்ஜ் என்ற தளம் 2015-ல் என்ன செய்தது? படங்களைத் திருத்த உதவும் 'கிம்ப்' என்கிற இலவச சாஃப்ட்வேரை, அதை எழுதியவர்கள் வேறிடத்துக்குப் போய்விட்டபிறகும், தானே எடுத்து விளம்பரச் சரக்கோடு மூட்டை கட்டி விநியோகித்தது. எழுதினவர்கள் கொதித்துப்போனார்கள். ஊரே காறித் துப்பியபிறகு நிறுத்தினார்கள். 2016-ல் புதிதாக வந்த முதலாளிகள் அந்த மூட்டை கட்டும் வழக்கத்தையே ஒழித்தார்கள். உழைத்தவனுக்குத் தெரியாமல் நடுவில் ஒருவன் காசு பார்த்திருக்கிறான். கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்தால்கூடப் புண்ணியக் கணக்கில் ஏதாவது சேரும். இதில் அதுவும் இல்லை.

சரி, காசு கொடுத்து வாங்கினால் மட்டும் விட்டுவிடுவார்களா? லெனோவோவின் கதை தெரியுமா? 2014 செப்டம்பரிலிருந்து சில மாதங்களுக்கு, அந்த கம்பெனி விற்ற பல லேப்டாப் மாடல்களில் 'சூப்பர்ஃபிஷ்' என்ற ஆட்வேரைக் கடையிலேயே ஏற்றி விற்றார்கள். டவுன்லோடு இல்லை, நெக்ஸ்ட் இல்லை. முழு விலை கொடுத்து, சீல் பிரித்து, குங்குமம் வைத்துத் திறந்தால் உள்ளே ஏற்கெனவே ஆள் இருக்கிறான்.

வெறும் விளம்பரமென்றால்கூடத் தொலையட்டும். பேங்க் பக்கத்துக்குப் போகும்போது முகவரிக்குப் பக்கத்தில் ஒரு பூட்டுப் படம் வருமே, அந்தப் பூட்டையே சூப்பர்ஃபிஷ் தன் கையில் வைத்துக்கொண்டது. பூட்டப்பட்ட பக்கங்களுக்குள்ளும் விளம்பரம் நுழைக்க வேண்டுமல்லவா? அதற்காக. எல்லா லேப்டாப்புக்கும் ஒரே சாவி. 2015 பிப்ரவரியில் ஒரு நிபுணர் அந்தச் சாவியின் பாஸ்வேர்டைக் கண்டுபிடித்து வெளியே சொன்னார். அதாவது, பொது இடத்து வைஃபையில் பக்கத்து மேஜையில் இருப்பவன் நினைத்தால் உங்கள் பேங்க் கணக்கை எட்டிப் பார்க்க முடியும். இதை உடனே நீக்குங்கள் என்று அமெரிக்க அரசே எச்சரிக்கை விட்டது. 2017-ல் 32 மாநிலங்களோடு 35 லட்சம் டாலருக்கு லெனோவோ சமரசம் செய்துகொண்டது.

இதில் யாருடா கம்ப்யூட்டரைத் தொட்டது?

*

நம் ஊருக்கு வருவோம். 2017-ல் செக் பாயின்ட் என்கிற பாதுகாப்பு நிறுவனம், 'ஃபயர்பால்' என்ற சீனத்து ஆட்வேர் உலகம் முழுக்க 25 கோடி கம்ப்யூட்டர்களில் இருக்கிறது, அதிகம் பாதிக்கப்பட்டது இந்தியா, இங்கே மட்டும் 2.5 கோடி என்று சொன்னது. மைக்ரோசாஃப்ட் உடனே, இது ஊதிப் பெருக்கிய கணக்கு என்று மறுத்தது. கணக்கில் சண்டை இருந்தாலும் வந்த வழியில் சண்டை இல்லை. அதே மூட்டை, அதே நெக்ஸ்ட்.

நம் சட்டம் என்ன சொல்கிறது? தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-த்தின் 43-ம் பிரிவில், உரிமையாளரின் அனுமதியில்லாமல் கம்ப்யூட்டரைக் கெடுக்கும் சரக்கை நுழைத்தால் நஷ்ட ஈடு கொடுக்கவேண்டும் என்று இருக்கிறது. கெட்ட எண்ணத்தோடு செய்தால் 66-ம் பிரிவில் 3 வருஷம் வரை ஜெயில். அருமையான சட்டம். ஆனால் "அனுமதியில்லாமல்" என்கிற ஒரு வார்த்தையில்தான் மொத்த வண்டியும் சிக்கி நிற்கிறது. "அனுமதி வாங்கியிருக்கோமே, நெக்ஸ்ட் அமுக்கினாரே!" அதனால்தான் சொல்கிறேன், அந்த நெக்ஸ்ட் சம்மதமே இல்லை என்று நாம் எல்லோரும் முதலில் நம்பவேண்டும். அது நம் தப்பு என்று நாமே ஒத்துக்கொண்டால், அவனுக்கு வக்கீலே தேவையில்லை.

நல்ல வேளையாக இன்னொன்றும் வந்திருக்கிறது. 2023 நவம்பர் 30 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஒரு நெறிமுறை வெளியிட்டது. வாடிக்கையாளரை ஏமாற்றிச் சம்மதம் வாங்கும் 13 வகைத் தந்திரங்களைப் பட்டியல் போட்டுத் தடை செய்தார்கள். வேண்டியதைப் பளிச்சென்று காட்டி, மற்றதை மங்கலாக்குவது ஒரு குற்றம். குழப்பமான கேள்வி கேட்டு ஆமாம் வாங்குவது ஒரு குற்றம். விளம்பரத்தைச் செய்தி மாதிரி வேஷம் போட்டுக் காட்டுவது ஒரு குற்றம். உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ் இருக்கிறது என்று பயமுறுத்திப் போலி மருந்து விற்பதும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. முக்கியமாக, விற்பவருக்கு மட்டுமல்ல, விளம்பரதாரருக்கும் இது பொருந்தும். நாலாவது ஆள்!

காகிதத்தில் இருக்கிறது. உங்களில் எத்தனை பேர் இதைக் கேள்விப்பட்டிருக்கிறீர்கள்? டிராஃபிக் விதி மாதிரி, சினிமா தியேட்டரில் புகையிலை விளம்பரம் மாதிரி, ஒரு தடவையாவது உங்கள் காதில் போட்டார்களா?

இதற்குள் எதிராளி அடுத்த வேஷத்துக்குப் போய்விட்டான். இன்று நீங்கள் பார்க்கும் விளம்பரப் பெட்டிகளில் பெரும்பகுதி டூல்பாரே இல்லை. "நீங்கள் ரோபோ இல்லை என்று நிரூபிக்க அலவ் என்பதை அமுக்குங்கள்" என்று ஏதாவது ஒரு பக்கம் கேட்டிருக்கும். அமுக்கினீர்களா? அது ரோபோ பரிசோதனை இல்லை. எந்நேரமும் உங்கள் திரை ஓரத்தில் வந்து கத்துவதற்கு அந்தத் தளத்துக்குக் கொடுத்த நிரந்தர லைசென்ஸ். அந்த 5 வைரஸ் அலறல் வருவது பெரும்பாலும் இந்த வழியாகத்தான். உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸே இல்லாமல் இருக்கலாம்.

*

திட்டியது போதும். விரட்டுவோம். ஃபார்மட் எல்லாம் வேண்டாம். அரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

முதலில் அந்த அலறல். க்ரோமில் மூன்று புள்ளியைத் தொட்டு செட்டிங்ஸ், ப்ரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் என்று வரிசையாகப் போங்கள். அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் இருக்கும். தெரியாத பெயரையெல்லாம் நீக்குங்கள். பாதி வீடுகளில் தொல்லை இதோடு தீர்ந்துவிடும்.

தீரவில்லையா? அதே மூன்று புள்ளியில் எக்ஸ்டென்ஷன்ஸ். நீங்கள் விரும்பிப் போட்டதாக நினைவில்லாத எதுவும் அங்கே இருக்க வேண்டியதில்லை. தூக்குங்கள். பிறகு விண்டோஸின் செட்டிங்ஸில் ஆப்ஸ் பட்டியலைத் திறந்து, தேதி வாரியாக அடுக்குங்கள். தொல்லை ஆரம்பித்த நாளில் கூட்டமாக நாலைந்து வந்து இறங்கியிருக்கும். அந்த கோஷ்டியை வெளியேற்றுங்கள். வெளியேறும்போதும், "நிச்சயமாகவா? கொஞ்சம் யோசியுங்களேன்" என்று பட்டன்களை இடம் மாற்றிக் கெஞ்சும். இரக்கப்படாதீர்கள்.

அதன்பிறகும் ஹோம் பேஜ் மாறியே இருந்தால், க்ரோமின் ரீசெட் செட்டிங்ஸ் வசதியைப் பயன்படுத்துங்கள். புக்மார்க்கும் சேமித்த பாஸ்வேர்டும் போகாது. கடைசி ஆயுதமாக மால்வேர்பைட்ஸ் நிறுவனத்தின் ஆட்வ்கிளீனர். இலவசம். அவர்களுடைய சொந்தத் தளத்திலிருந்து மட்டும் எடுங்கள். இதைத் தேடினாலே பச்சைப் பட்டன் போலிகள் வரும். பேய் ஓட்ட வந்தவனே பேயாக இருப்பது இந்தத் தொழிலில் சகஜம்.

இனிமேல் வராமல் இருக்க, விண்டோஸ் செக்யூரிட்டியில் ஆப் அண்ட் பிரவுசர் கன்ட்ரோல் போய், 'பொட்டென்ஷியலி அன்வான்டட் ஆப்' தடுப்பு ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். எதை ஏற்றினாலும் கஸ்டம் வழியாகவே ஏற்றுங்கள். ஃப்ளாஷ் பிளேயரை அப்டேட் செய்யச் சொல்லி எது வந்தாலும் பொய். ஃப்ளாஷ் 2020 டிசம்பர் 31-ல் காலமாகிவிட்டது. செத்தவருக்கு யாரும் சத்து மாத்திரை கொடுப்பதில்லை.

இதையெல்லாம் வீட்டில் இருப்பவர்களையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு செய்யுங்கள். பையனுக்கு அந்த மூன்றாம் பக்கத்தின் சூதைக் காட்டுங்கள். ஒரு தடவை பார்த்தால் போதும், வித்தைக்காரனின் ரகசியம் தெரிந்த மாதிரி அதற்கப்புறம் அவனே சிரிப்பான். தாத்தாவுக்கு அலவ் பட்டனின் அர்த்தத்தைச் சொல்லுங்கள். திட்டாதீர்கள். திட்டினால் அடுத்த தடவை சொல்லமாட்டார். சொல்லாமல் மறைக்கிற வீட்டில்தான் இந்தப் பெட்டிகள் ஒன்று பத்தாகப் பெருகும். ஒருநாள் அந்த அலறலை நம்பி பேங்க் விவரத்தையும் கொடுத்துவிடுவார்.

கடைசியாக ஒரு வேலை இருக்கிறது. பெரும்பாலும் யாரும் செய்வதில்லை, அதனால்தான் அவர்கள் தைரியமாக இருக்கிறார்கள். விளம்பரப் பெட்டியை மூடுவதற்கு முன்னால், அதில் யாருடைய பொருள் விற்கப்படுகிறது என்று பாருங்கள். பெயர் தெரிந்த இந்திய நிறுவனமாக இருந்தால் ஒரு ஸ்க்ரீன் ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்யுங்கள். 2023 நெறிமுறை என்று சொல்லுங்கள். "உங்கள் விளம்பரம் என் அனுமதியில்லாமல் என் கம்ப்யூட்டருக்குள் எப்படி வந்தது?" என்று அந்த நிறுவனத்துக்கும் நாலு வரி எழுதிப் போடுங்கள்.

ஒருவர் எழுதினால் குப்பைத் தொட்டிக்குப் போகும். 100 பேர் எழுதினால் மார்க்கெட்டிங் மேனேஜரின் மேஜைக்குப் போகும். 1,000 பேர் எழுதினால், எந்த வழியாக விளம்பரம் போகிறது என்று அவரே தரகரைக் கூப்பிட்டுக் கேட்பார். அன்றைக்குத்தான் அந்த வால்வில் முதல் தடவையாக ஒரு கை விழும்.